பொட்டு ஒட்டிய ஸ்விட்ச்

ஒரு பொருளின் மேல் யாராவது துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால், மார்க்கரால் அம்புக்குறி போட்டிருந்தால், அடையாளத்துக்கு நூல் கட்டியிருந்தால் அந்த இடத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது. போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். கூட வருகிறவர்களுக்கு இது பெரிய தொல்லைதான். ஆனால் நான் பிழைப்புக்குச் செய்வது ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிற வேலை, அந்த வேலைக்கான பாடத்தை வகுப்பிலும் வீடியோவிலும் படித்ததைவிட இந்தப் போட்டோக்களில்தான் அதிகம் படித்திருக்கிறேன். மக்கள் வேலையற்றுப் போய் எதையும் ஒட்டுவதில்லை. ஒருவர் செல்லோ டேப்பைத் தேடி எடுத்து, பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுகிறார் என்றால், ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டு ஹாலில் எட்டு ஸ்விட்ச்சும் ஒரே வரிசையில் இருக்கிற போர்டு ஒன்று உண்டு. எட்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. இடமிருந்து மூன்றாவதில் மட்டும் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. அம்மா ஒட்டியது. அது மோட்டார் ஸ்விட்ச். வந்தவர்கள் யாராவது லைட் போடுகிறேன் என்று அதைத் தட்டிவிட, மொட்டைமாடித் தொட்டி நிறைந்து தெருவில் தண்ணீர் ஓடி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பொட்டு வந்த பிறகு நின்றது. கண்ணாடி போடாமலே தெரியும், இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தட்டுப்படும், உதிர்ந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒரு டிசைனர் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிடப் போகிறார் என்று தெரியவில்லை.

பொட்டு தேவைப்பட்டதற்குக் காரணம் ஸ்விட்ச் இல்லை, வரிசை. சுவரை வெட்டி, பைப் புதைத்து, ஒயர் இழுத்து முடித்த பிறகு பிளேட் மாட்டுகிற நாளில் எந்த ஒயர் எலக்ட்ரீஷியன் கைக்கு முதலில் வருகிறதோ அது முதல் ஸ்விட்ச். அறையில் லைட் எங்கே இருக்கிறது, ஃபேன் எங்கே இருக்கிறது என்பதற்கும் போர்டில் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டைல்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள், சரி, பிளேட் மாட்டுகிற அந்த ஒரு நாள் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வாசல் வழியாக உள்ளே வருகிற கைக்கு முதலில் படுவது அந்த அறையின் பெரிய லைட்டாக இருக்கட்டும், இடதுபக்க விளக்கு இடதிலும் வலதுபக்க விளக்கு வலதிலும் இருக்கட்டும், ஃபேன் ஸ்விட்ச்சும் ரெகுலேட்டரும் ஒட்டி இருக்கட்டும், மோட்டார் அந்த போர்டிலேயே வேண்டாம். ஏற்கெனவே கட்டின வீடு என்றாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரிசையை மாற்றித் தந்துவிடுவார், பெரிய வேலை இல்லை. ஏனோ யாரும் கேட்பதில்லை. வருஷக்கணக்கில் மூன்று ஸ்விட்ச்சைத் தட்டி நாலாவதில் லைட் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

அதே வீட்டில் பாத்ரூமுக்கு வெளியே இருக்கிற ஹீட்டர் ஸ்விட்ச்சில் யாரும் எதையும் ஒட்டவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். அது தனியாக இருக்கிறது, மற்றதைவிடப் பெரிது, போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பெரிதாகச் செய்தது நமக்காக இல்லை. 20 ஆம்பியர் தாங்கவேண்டும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கவேண்டும் என்பதற்காக. ஆனால் அதன் பலன் நமக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. இடம், அளவு, ஒரு விளக்கு, இந்த மூன்றும் இருந்தால் பெயர்கூட எழுதவேண்டாம். இதை நான் ஆபீசில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே கனத்தில் ஐந்து ஐகானைத் திரையின் அடியில் வரிசையாக வைத்துவிட்டு, 'அழி'யை 'பகிர்' பக்கத்திலேயே வைத்துவிட்டு, அப்புறம் முதல் தடவை ஆப் திறக்கிறவருக்கு அம்புக்குறி போட்டு ஆறு திரைக்கு விளக்கம் காட்டுவோம். அவர் ஒன்றையும் படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிவிட்டுப் போவார். அந்த விளக்கமும் ஒட்டின காகிதம்தான், நாமே ஒட்டினது என்பதுதான் வித்தியாசம்.

அடுப்பங்கரையிலும் இதே கதை. இரண்டு பர்னர் அடுப்பில் எந்தக் குமிழ் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நாலு பர்னர் அடுப்பில் பர்னர்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. குமிழ்கள் மட்டும் ஒரே வரிசையில் நாலு. பழகாத வீட்டில் போய் டீ போட்டுப் பாருங்கள், பால் வைத்தது ஒன்று, எரிவது இன்னொன்று. டான் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த அடுப்பை வைத்தே பக்கம் பக்கமாக எழுதிவிட்டார், அதனால் நான் விட்டுவிடுகிறேன். அவரிடம் இல்லாத ஒன்று நம் அடுப்புக்குக் கீழே இருக்கிறது, சிலிண்டர்.

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்குகிற பட்டைகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். 'பி-28', 'டி-27' என்கிற மாதிரி ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருஷம். அந்தச் சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்பவேண்டிய கெடு அது. உள்ளே இருக்கும் காஸின் காலாவதித் தேதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தப்பு, சிலிண்டர் என்கிற இரும்புக்குத்தான் தேதி. எல்லா வீட்டிலும் இருக்கிறது, கெடு தாண்டியிருந்தால் அந்தச் சிலிண்டரை வாங்காமல் மாற்றிக் கேட்கலாம், ஆனால் டெலிவரிக்கு வருகிறவரிடம் அதைப் பார்த்துக் கேட்கிற வீடு நூறில் ஒன்று இருக்குமா? காரணம், அது பிளான்ட்டில் வேலை செய்கிறவருக்காக எழுதின குறியீடு. அவருக்கு அது போதும். நமக்கு அது தகவலே இல்லை. ஆப்பில் 'பிழை 504' என்று காட்டுவதும் இதேதான்: சர்வர் ரூமில் இருக்கிறவருக்கு எழுதினதை, மின்கட்டணம் கட்டவந்தவர் முகத்துக்கு நேராகக் காட்டுவது. யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் இதில் பாதி போய்விடும்.

எங்கள் தெரு முனையில் சாயங்காலம் பஜ்ஜி போடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். பணம் வந்ததைக் குரலில் சொல்கிற பெட்டி, சவுண்ட் பாக்ஸ், எனக்குப் புரிந்தது அவர் கடையில்தான். யுபிஐ வந்தது 2016இல். ஆரம்பத்தில் வாடிக்கையாளர் தன் போனைத் திருப்பிக் காட்டவேண்டும், அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கவேண்டும், அல்லது கல்லாவில் இருக்கும் தன் போனை எடுத்து மெசேஜ் வந்ததா என்று பார்க்கவேண்டும். இரண்டு கையும் கடலைமாவு, எதிரே கொதிக்கிற எண்ணெய். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டுப் போகிற ஆட்கள் வேறு. அவருக்கு அந்த நேரத்தில் கண் ஓய்வில்லை, கை ஓய்வில்லை, காது மட்டும்தான் சும்மா இருந்தது. பெட்டி அந்தக் காதைப் பிடித்துக்கொண்டது. முப்பது ரூபாய் வந்துவிட்டது என்று தமிழில் சொல்கிறது, அவர் எண்ணெயிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, பணம் அனுப்பினவருக்கு ஏற்கெனவே அழகான பச்சை டிக் திரை இருந்தது என்பது. டிசைன் செய்தவர்கள் முதலில் பார்த்தது அவரை மட்டும்தான். பதில் தேவைப்பட்ட ஆள் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதற்காக அந்தப் பெட்டி முழுமையானதும் இல்லை. மழை நாளில் கூட்டம் சேர்ந்தால், மூன்று பேர் ஆளுக்கு முப்பது அனுப்புவார்கள், பெட்டி இரண்டு தடவைதான் சொல்லியிருக்கும். தொகை தெரியும், யார் என்று தெரியாது. அக்கா நிமிராமலே 'முப்பது யாரு?' என்பார். இரண்டு கை தூக்கும். மூன்றாவது ஆள் தன் திரையில் சுற்றிக்கொண்டிருக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போது அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கூட்ட நேரத்தில் ஒருவருக்குப் பெட்டி சொன்ன பிறகுதான் அடுத்தவருக்கு விலை சொல்வார், அதுவரை கேட்டாலும் 'இருங்க' என்பார். ஒரே நேரத்தில் வருகிற இரண்டு பணத்தைப் பிரிக்கிற வேலையை எந்தப் பொறியாளரும் செய்யாததால், விலையைத் தாமதமாகச் சொல்லி அவரே பிரித்துக்கொண்டார். கடைக்காரர்களுக்கான ஆப் செய்கிறவர்கள் ஆபீசில் உட்கார்ந்து யோசிப்பதைவிட இந்த மாதிரிக் கடை ஓரத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம். பஜ்ஜியும் கிடைக்கும்.

காகிதம் ஒட்டுவதன் உச்சத்தை ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தேன், பெயர் வேண்டாம். பதிவுக்கு ஒரு டோக்கன், டாக்டருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மேலே பெரிய டிவியில் எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கீழே ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்ணும் டாக்டர் அறைக் கதவு மேலேயே இருக்கிறது. கதவில் ஒரு காகிதம்: 'டோக்கன் எண் வந்தாலும் பெயர் கூப்பிட்ட பிறகே உள்ளே வரவும்.' அப்படியானால் அந்த டிவி எதற்கு? உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவேண்டியது தன் எண் என்ன என்பதில்லை, எனக்கு முன்னால் எத்தனை பேர், அதற்குள் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்பதுதான். அதைச் சொல்லாததால் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, வயதானவர்கள் உட்பட. நர்ஸம்மாவிடம் 'இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்' என்று கேட்கிற வரிசை தனியாக ஒன்று இருந்தது.

அரசாங்கமே பொட்டு ஒட்டின கதையும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்தது. சலுகை சரி, ஆனால் தூரத்தில் வருகிற பஸ் சாதாரணமா, கட்டண பஸ்ஸா என்பதை போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஸ்டாப்பில் நிற்பவருக்கு அதற்குக் கிடைக்கிற நேரம் சில நொடிகள், அதற்குள் பையைத் தூக்கி, பிள்ளையைப் பிடித்து, ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவேண்டும். 2022இல் சென்னையில் அந்தப் பேருந்துகளின் முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். அவ்வளவுதான், மக்கள் வாயில் அது பிங்க் பஸ் ஆகிவிட்டது. நிறம் பார்ப்பதற்கு அழகாக இல்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. அழகு எனக்கு இங்கே முக்கியமாகப் படவில்லை. நூறு அடி தூரத்தில் படிக்கத் தெரியாதவருக்கும் பதில் கிடைத்துவிட்டதா இல்லையா, அதுதான் கணக்கு.

படிக்கத் தெரியாதவர் என்றதும் தேர்தலைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓட்டுப் போடுவது ரொம்பக் கஷ்டமான டிசைன் கணக்கு: சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் பயன்படுத்துவார், பழக்கம் இருக்காது, பக்கத்தில் நின்று யாரும் சொல்லித்தரக்கூடாது, போட்ட பிறகு திருத்தவும் முடியாது. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுத்தறிவு 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்போது என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவர் சின்னம். சீட்டில் எதையும் எழுதவேண்டாம், முத்திரை குத்தவேண்டாம், பிடித்த சின்னத்துப் பெட்டியில் போட்டால் போதும். ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துகிற முறை நாடு முழுக்க வந்தது 1962இல்தான், அதாவது மக்களுக்கு இரண்டு தேர்தல் பழகின பிறகு. எளிமையானதை முதலில் கொடு, பழகட்டும், அப்புறம் மாற்று. ஆப் உலகத்தில் இந்தப் பொறுமை யாருக்கும் இல்லை, முதல் வெர்ஷனிலேயே எல்லா வசதியும் வேண்டும்.

இப்போது இருக்கிற இயந்திரத்திலும் பார்க்க நிறைய இருக்கிறது. அதிகாரி தன் மேஜையில் இருக்கும் யூனிட்டில் பட்டனை அழுத்தினால்தான் உள்ளே இருக்கிற யூனிட்டில் பச்சை விளக்கு எரியும். நீலப் பட்டனை ஒரு தடவை அழுத்தினதும் சின்னத்துக்கு நேராகச் சிவப்பு விளக்கு, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டுகிற விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சுமார் 7 நொடி அந்தச் சீட்டு, நீளமாக ஒரு பீப். அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. 'இரண்டு தடவை அழுத்தாதீர்கள்' என்று எழுதி ஒட்டவேண்டிய வேலையே இல்லை. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதும் இதே வகைதான். மாற்றிச் செருக முடியாது, எர்த்தான் முதலில் தொடும், கழற்றும்போது கடைசியாக விடும். எச்சரிக்கை எழுதுகிறதைவிட, தப்பு நடக்கவே முடியாதபடி செய்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆனால் ஓட்டுச்சீட்டு இருந்த காலத்திலேயே தேர்தல் ஏற்பாட்டை மக்கள் ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டி. விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்கவைக்கக் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். ஓட்டுச்சீட்டு ஒரு புத்தகமாகவே ஆனது, தேர்தலையும் தள்ளிவைக்கவேண்டி வந்தது. அதற்குத் தீர்வாக யாரும் சீட்டைச் சின்னதாக மடிக்கிற வித்தை தேடவில்லை, அந்த வருஷமே டெபாசிட் தொகையை உயர்த்தினார்கள், சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. அது நியாயமா என்பது வேறு விவாதம், கையில் பணம் இல்லாதவருக்கு அது ஒரு கதவடைப்புதான். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் அதுவே திரும்ப நடந்தது: 185 வேட்பாளர்கள், ஒரு யூனிட்டுக்கு 16 பட்டன், நோட்டாவும் சேர்த்து 12 யூனிட்டை வரிசையாக வைத்தார்கள். இரண்டு ஊருமே மஞ்சளுக்குப் பெயர் போனவை. நான் பட்டியல் திரை எதைச் செய்தாலும் இந்த மொடக்குறிச்சிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். டிசைன் படத்தில் எப்போதும் நாலு பெயர், நாலும் குட்டிப் பெயர். ஆயிரம் வந்தால் என்ன ஆகும்? ஒருவர் பெயர் முழு இனிஷியலோடு இரண்டு வரிக்குப் போனால்?

இன்னொன்று, எல்லாம் புதிதாக இருக்கும்போது மட்டும் சோதிக்கக்கூடாது. என் மாமா ஒருவருக்குப் பார்வை ரொம்பக் குறைவு. ரூபாய் நோட்டில் அவருக்காகவே அடையாளம் இருக்கிறது. 100 ரூபாய் நோட்டின் இரண்டு ஓரத்திலும் மேடாக நாலு சாய்ந்த கோடு, 500இல் ஐந்து, 200இல் நாலு கோட்டுக்கு நடுவே இரண்டு வட்டம். நீளமும் 100, 200, 500 என்று போகப்போக 4 மில்லிமீட்டர் கூடும். ஏடிஎம்மிலிருந்து வந்த மொடமொட நோட்டில் விரல் வைத்தால் அவருக்குத் தெரிகிறது. மீன் மார்க்கெட்டைச் சுற்றி வந்த நோட்டில் கோடு தேய்ந்து ஒன்றும் தெரிவதில்லை. 4 மில்லிமீட்டரை, பக்கத்தில் இன்னொரு நோட்டு இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? 2020இல் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு ஆப் விட்டது, கேமராவைக் காட்டினால் தொகையைச் சொல்லும். பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் எடுக்கும்போது யார் போனை நீட்டிக்கொண்டு நிற்பது? மாமா தன் வழியில் மடித்து வைத்திருக்கிறார்: 500 நீளவாக்கில், 200 மூன்றாக, 100 பாதியாக. வீட்டில் அத்தை பிரித்துக் கொடுப்பார், பாக்கெட்டுக்குள் கைவிட்டாலே தெரிந்துவிடும்.

வேலையில் இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று கேட்டால், பெரிய முறை ஒன்றும் இல்லை. எங்கே எதையாவது ஒட்டியிருந்தாலும் ஒட்டினவரிடம் 'இதை எப்போது ஒட்டினீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது' என்று கேட்பேன். 'ஏன்' என்று கேட்டால் குற்றம் சாட்டுகிற மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள், 'என்ன நடந்தது' என்றால் கதையே வரும். சோதனைக்குத் திரையைக் கொடுக்கும்போது விளக்கம் சொல்வதில்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது நினைப்பதைவிடக் கஷ்டம். 'பிடித்திருக்கிறதா' என்று கேட்பதே இல்லை. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள், 'நல்லா இருக்குப்பா' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முடிந்தால் ஏசி ரூமில் வேண்டாம், மத்தியான வெயிலில், பழைய போனில், திரை கீறல் விழுந்திருந்தால் இன்னும் நல்லது, ஒரு கையில் பையோடு.

அப்புறம், ஆப்புக்குள் யாரும் காகிதம் ஒட்ட முடியாது, அதனால் அங்கே பொட்டு வேறு உருவத்தில் வரும். ஸ்கிரீன்ஷாட்தான் அது. பயனாளரின் கேலரியைக் காட்டச் சொன்னால் (அவர்களே காட்டினால் மட்டும்) டிக்கெட், ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டின திரை என்று வரிசையாக இருக்கும். எல்லாம் ஆப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறதே என்றால், 'இருக்கும் சார், தேவைப்படும்போது எங்க போய்த் தேடறது' என்பார்கள். சிலர் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பார்கள். சமீபத்தில் ஒரு பில் கட்டுகிற ஆப்பில் ரசீது திரையைச் சோதித்தபோது, பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள், தொகையும் தேதியும் மேலே, இணைப்பு எண் தள்ளிப் பார்த்தால் கீழே இருந்ததால். ஒரே ஷாட்டில் வரட்டும் என்று பெயர், எண், தொகை, தேதி நாலையும் மேலே தூக்கிவிட்டேன், அனிமேஷன் டிக்கைச் சின்னதாக்கினேன். நடுவில் இருக்கிற விளம்பரப் பட்டையை எடுக்க மட்டும் ஆபீசில் இன்னும் சம்மதிக்கவில்லை. அதற்கான மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது.